எண்பத்தொன்பது பேரின் கையெழுத்து

ஐந்தாம் வகுப்பில் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எழுதிய கழுத்து இது. இப்போது டை கட்டியிருக்கிறது.

பெற்றீசியாவுக்கு முதலில் தோன்றியது அதுதான். வாய் வேறொன்றைச் சொன்னது.

"வாங்க சார். உக்காருங்க."

கணேசமூர்த்தி பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். கொட்டகலைக்கு மேலே, பாதி உயரச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் இருவரும் படித்தார்கள். அவன் கணக்கப்பிள்ளையின் மகன். அவள் லயத்துத் தொழிலாளி செபமாலையின் மகள். அவன் அட்டனுக்குப் போய்ப் படித்து, பல்கலைக்கழகம் போய், அங்கேயே விரிவுரையாளனாகிவிட்டான். அவளும் அட்டனுக்கு நடந்து போய் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணினாள், கணிதத்தில் விசேட சித்தியோடு. அந்த வாரமே அப்பா அவள் பெயரைத் தோட்டத்தில் பதிந்துவிட்டார். கொழுந்துக் கூடையைச் சில வருடங்கள் சுமந்தபின் இந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக வந்தாள். அது எழுபத்தைந்தில். இப்போது எண்பத்து நான்கு. இன்னும் தற்காலிகம்தான்.

"கையால எழுதுற தமிழ் எழுத்த ஒரு கம்பியூட்டர் பாத்துப் படிக்கணும். அதுதான் என் ஆராய்ச்சி" என்றான் அவன்.

"படிச்சு என்னா செய்யும் சார்?"

"இது 'க', இது 'ம'ன்னு சொல்லும்."

"அதத்தான் எங்க ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளும் சொல்லுதே."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு இல்லை, கூட்டங்களில் பழகிய சிரிப்பு. ஒரே எழுத்தை நூறு பேர் நூறு விதமாக எழுதுவார்கள், மனிதக் கண்ணுக்கு அது பெரிய விஷயமில்லை, இயந்திரத்துக்கு அதுதான் கஷ்டம் என்று விளக்கினான். படித்தவர்களின் எழுத்தைக் கொழும்பில் சேர்த்துவிட்டானாம். இனி அதிகம் எழுதிப் பழகாத கைகள் வேண்டுமாம். தொண்ணூறு பேர். ஆளுக்கு ஒரு தாள். முப்பது எழுத்து, ஒவ்வொன்றும் ஐந்து தடவை, கட்டத்துக்குள்.

"நம்ம ஜனங்க எழுத்தும் அதுல இருக்கணும் பாருங்க. இல்லாட்டி நாளைக்கு மெஷின் வந்தாலும் நம்மளுக்கு இல்லாமப் போயிரும்."

அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. 'அதிகம் எழுதிப் பழகாத கை' என்று சொன்னது பிடிக்கவில்லை. இரண்டையும் அவன் ஒரே மூச்சில்தான் சொன்னான்.

எழுந்து போகும்போது, தற்செயலாக நினைவு வந்ததுபோல் திரும்பினான். "உங்க நியமனம் இன்னும் வரலியாமே. கல்வித் திணைக்களத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. இது முடியட்டும், நான் ஒரு கடிதம் குடுக்கிறேன்."

அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு ஆசிரியர் விடுதி இருந்தது. இரண்டு அறை, சீமெந்துத் தரை, தனிக் குழாய். நியமனம் பெற்ற ஆசிரியருக்குத்தான் கொடுப்பார்கள் என்பதால் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. தினமும் காலையில் அவள் அந்தக் கதவைத் தாண்டித்தான் வகுப்புக்கு வருவாள். எந்தக் காலையிலும் அதைத் திரும்பிப் பார்க்காமல் வந்ததில்லை.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முப்பது பேர் வந்தார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கும் போகாதவர்கள் எல்லோரும். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று தெரிவதற்காக ஒரு தாளைப் பெற்றீசியா தானே கறுப்பு மையில் எழுதிக் கரும்பலகையில் குத்தி வைத்திருந்தாள்.

தோட்டக் கமிட்டித் தலைவர் வீரய்யா அதைக் கழற்றி எடுத்தார். பெஞ்சில் விரித்தார். வெறும் தாளை அதன்மேல் வைத்து ஓரங்களைச் சரிபார்த்தார். தாள் மெல்லியது. அடியிலிருந்த எழுத்து நன்றாகவே தெரிந்தது.

"டீச்சர் அச்சு வச்சிருக்காங்க. ஆளுக்காள் தள்ளாம வரிசையா வாங்க" என்றார்.

அச்சு என்பது அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல். எழுபதுகளில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டபோது வந்த வழக்கம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பேனா பிடிக்கிற கையில் ஒரே பெயர் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று படிவங்கள் திரும்பி வந்தன. திரும்பத் திரும்ப அலைந்து சலித்தவர்கள் இந்தியப் பிரஜாவுரிமைக்கான மற்றப் படிவத்தில் போட்டுவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னார் ரயிலேறினார்கள். மிஞ்சியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் பெயரை டீச்சரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கி ட்றங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் துண்டை அடியில் வைத்து மேலே வரைவார்கள். அப்படி எத்தனை துண்டு எழுதிக் கொடுத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க வேண்டும் என்று தெரிந்தது. இது ஒத்துவர வேண்டிய படிவமல்ல, உங்கள் கை எப்படிப் போகிறதோ அப்படி எழுதுங்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. தாள்கள் அழகாக நிரம்பிக்கொண்டிருந்தன. அடித்தல் இல்லை, கட்டம் தாண்டவில்லை. இதைப் பார்த்து அவன் என்ன நினைப்பான் என்று அவள் மனம் அதற்குள் போய்விட்டிருந்தது.

இரண்டாவது ஞாயிறு ராக்காயி வந்தாள். ஐம்பது தாண்டியவள். இன்னும் எந்த நாட்டுக்காரி என்று எந்த அரசாங்கமும் முடிவு செய்யாதவள். எழுத்தை யாரிடமும் படிக்கவில்லை. பஸ் பலகையையும் கடைப் பலகையையும் பார்த்துத் தானே கூட்டிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அடியிலிருந்த தாளை உருவி ஒதுக்கினாள்.

"அச்சு வச்சு எழுது ராக்காயி, ஃபாரம் கெட்டுப் போயிறும்" என்றார் வீரய்யா.

"கெட்டா கெடட்டும் தலைவரே. மூணு வாட்டி அச்சு வச்சுத்தான் போட்டேன். அங்க நுவரெலியா கச்சேரி ஆபீசுல இருந்த மாத்தயா, என் முன்னால போடுன்னாரு. அவரு முன்னால அச்ச எடுக்க ஏலுமா? போட்டேன். ரெண்டையும் பாத்துட்டு 'அத்சன சமான நே'ன்னு சிங்களத்துல சொன்னாரு. கையெழுத்து ஒண்ணு இல்லியாம். மூணு வாட்டியும் அதே பேச்சு. நிமுந்து என் மூஞ்சியப் பாத்திருந்தா அது மூணு வாட்டியும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது.

"இது கச்சேரிக்கு இல்ல. மெஷினுக்கு."

"கொழுந்து அரைக்கிற மெஷினுக்கே முப்பது வருஷமா என் கையத் தெரியும். இதுக்கும் தெரியட்டுமே."

கொழுந்து கிள்ளுவதுபோல இரண்டு விரல் நுனியில் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்துகள் கட்டத்தை இடித்துக்கொண்டு நின்றன. சில பக்கத்துக் கட்டத்துக்குள் காலை நீட்டின. ஒரு 'ற' படுத்தேவிட்டது. முடித்ததும் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்து, "பரவால்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனாள்.

பெற்றீசியா சிரிக்கவில்லை. ராக்காயியின் அச்சை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வீட்டிலிருந்து போன படிவத்தில் இருந்தது டீச்சரின் கை. கச்சேரியில் போட்டது ராக்காயியின் கை. எப்படி ஒத்துவரும்? ஒருநாளும் அவள் இதை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. உதவி என்றே நினைத்திருந்தாள். நன்றி சொன்னவர்களின் முகங்களும், வாழைச்சீப்பும் கோழிமுட்டையுமாக அவர்கள் கொண்டுவந்து வைத்தவையும் மட்டுமே நினைவில் இருந்தன.

ஆனாலும் மூன்றாவது ஞாயிறும் அதே தாள் பெஞ்சில் விரிந்தது. அன்றும் அவள் பேசவில்லை.

அன்று மாலை எல்லோரும் போனபின் தொண்ணூறு தாள்களையும் அடுக்கினாள். ஒன்றைத் தவிர ஒவ்வொன்றிலும் அவளுடைய எழுத்து. நடுக்கத்தோடு, அழுத்தத்தோடு, ஆனால் அவளுடையதுதான். வயிற்றுக்குள் ஏதோ இதமாகப் பரவியது. அதற்குப் பெயர் வைக்க அவள் விரும்பவில்லை. பிறகு வைத்தாள்: கர்வம். இத்தனை வருடம் பிறர் சொன்னதை எழுதிக் கொடுத்தவளுக்கு, எழுத்தின் வடிவமாவது தன்னுடையதாக ஊர் முழுக்கப் பரவியிருப்பதில் ஒரு கர்வம். ராக்காயியின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். அடுக்கின் அடியில், கடைசியாக வைத்தாள். மறுநாள் கொட்டகலைத் தபால் கந்தோரில் பார்சலைக் கட்டி அனுப்பினாள்.

*

எட்டு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. முடிவு எதிர்பார்த்ததற்கு மேல் நன்றாக வந்திருக்கிறது. அவளுடைய பெயர் நியமனப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அடுத்த திங்கட்கிழமை பட்டியல் மேலே போகும். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறான். ஒரு சின்ன விஷயம். ஆராய்ச்சியைப் பார்வையிட்ட வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுத்துகள் எப்படிச் சேர்க்கப்பட்டன என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் எதையும் பார்க்காமல் தத்தம் இயல்பான கையில் எழுதினார்கள் என்று அவள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். வாசகத்தை அவனே தட்டச்சுச் செய்து கொண்டுவருவான்.

புருஷன் யேசுரட்ணத்துக்குத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வாளியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"கட்டில எந்தப் பக்கம் போடுறதுன்னு நேத்துத்தான் ஜன்னல் வழியா அளந்துட்டு வந்தேன். மகாராணிக்குக் கக்கூசு வீட்டோடயே இருக்கு. இனி மழையில கொடை புடிச்சுக்கிட்டுக் கியூல நிக்க வேணாம்."

அவள் அச்சு விஷயத்தைச் சொன்னாள்.

"சரி. அதுக்கு?"

"பொய்யி."

"மெஷின்கிட்ட பொய் சொன்னா பாவமா? சாமியாருட்ட கேட்டுட்டு வா, எந்தக் கட்டளையில வருதுன்னு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "யாரு சாகப் போறா பெற்றீசியா? ஒம்பது வருஷம். ஒனக்குப் பின்னால வந்த பிள்ளைகளெல்லாம் நியமனம் வாங்கிட்டுப் போயிருச்சு. அவன் ஒண்ணும் ஒன் கழுத்தக் கேக்கலியே. ஒரு கையெழுத்துத்தானே."

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. வாளி நிரம்பியது. அவனே எழுந்து எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டான். அவள் அதைவிட அதிகமாக ஆசைப்பட்டாள், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

*

வெள்ளிக்கிழமை இடைவேளை நேரம் கணேசமூர்த்தி வந்தான். பிள்ளைகள் வெளியே ஓடியிருந்தார்கள். ஓரங்களில் ஓட்டை வரிசை போட்ட அகலமான தாள் ஒன்றை மேசையில் மடிப்பு மடிப்பாக விரித்தான். தாள் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரக் குறிகள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் குறிகள் சேர்ந்து எழுத்துகளாகத் தெரிந்தன.

"மெஷின் எல்லாரோட எழுத்தையும் சேத்துப் பாத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொது உருவம் போட்டுக்கிருச்சு. புதுசா ஒண்ணு வந்தா இதோட ஒப்பிட்டுப் பாக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரி. கொழும்பு ஆளுங்க எழுத்துல எம்பதக் கூடத் தாண்டல."

அவள் 'ண'வைப் பார்த்தாள். கடைசிச் சுழி மற்ற இரண்டையும்விடப் பெரிது. சின்ன வயதிலிருந்தே அவள் கை அப்படித்தான். 'ழ'வின் வால் இடதுபக்கம் கொஞ்சம் அதிகமாகப் போயிருந்தது. அதுவும் அவள்தான். அவளைத் தெரியாத ஒரு இயந்திரம், அவளைக் காணாமலே, நட்சத்திரங்களை வைத்து அவள் கையை வரைந்திருந்தது. அன்று மாலை பரவிய இதத்தைத் தேடிப் பார்த்தாள். இல்லை.

"சார், இது என் எழுத்து."

அவன் தாளின் ஓரத்தை நேராக்கினான். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பார்சலப் பிரிச்ச அன்னைக்கே. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"மறுபடி எழுதச் சொல்லுவோம். நானே பக்கத்துல நின்னு பாத்துக்குறேன். அச்சு இல்லாம. மூணு ஞாயிறு போதும்" என்றாள்.

"ஏலாது. தையில குடுத்தாகணும்." அவன் நெற்றியைத் தடவினான். "அதோட, அப்புடி எழுதுனா மெஷினுக்குப் படிக்க வராது. ஒரே ஒரு ஃபாரம் கோணலும் மாணலுமா இருந்துச்சு. போட்டுப் பாத்தேன். முப்பது எழுத்துல நாலுதான் சொன்னுச்சு. மத்ததெல்லாம் எழுத்தாவே தெரியலன்னுருச்சு. அத எடுத்துட்டேன். அதான் எம்பத்தொம்பது."

"அது ராக்காயி அக்கா."

"பேரு பாக்கலைங்க. நம்பர்தான் பாத்தேன்."

அவன் கெட்டவனில்லை என்று அவள் நினைத்தாள். கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவனுக்கும் மேலே யாரோ இருந்தார்கள், அவனுடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"இது நம்ம ஜனங்களுக்குத்தான்" என்றான் அவன். "நாளைக்குக் கச்சேரியில, தபால் கந்தோர்ல எல்லாம் இந்த மெஷின் வரும். மாத்தயா மாதிரி எரிஞ்சு விழாது. நாளைக்கு வான்னு சொல்லாது. யாரா இருந்தாலும் ஒரே மாதிரித்தான் பாக்கும்."

ஒரே மாதிரித்தான் பார்க்கும். அந்தக் கவுண்டரில் ராக்காயி நிற்பதை நினைத்துப் பார்த்தாள். இரண்டு விரலில் பேனாவைக் கிள்ளிப் பிடித்து எழுதி நீட்டுவாள். இயந்திரம் கோபப்படாது. மூஞ்சியைப் பார் என்று அதனிடம் சொல்லவும் முடியாது. இது எழுத்தே இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடும். அது அப்படிச் சொல்வதற்குப் பெற்றீசியாவின் கை அளவுகோலாக உள்ளே இருக்கும்.

அவன் கடிதத்தை எடுத்து வைத்தான். அழகான தட்டச்சு. 'மேற்படி எண்பத்தொன்பது தொழிலாளரும் எவ்வித மாதிரியையும் பாராது, தத்தம் இயல்பான கையெழுத்திலேயே...' அடியில் அவள் பெயர், முழுப் பெயராக, ஆசிரியை என்ற சொல்லோடு. பக்கத்தில் அவனுடைய ஆராய்ச்சியின் தடித்த பிரதி இருந்தது. இதற்குள் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தாள். அதில் அவள் பெயர் இல்லை. 'உள்ளூர் உதவியுடன்' என்று ஒரு வரி இருந்தது. பொய்க்கு மட்டும் பெயர் வேண்டியிருந்தது.

தான் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தலைமை ஆசிரியர் போடுவார். வீரய்யாவைக் கேட்டால் சந்தோஷமாகப் போடுவார். இயந்திரம் நிற்காது, ராக்காயிக்கு எந்த நாடும் கிடைக்காது. திங்கட்கிழமை பட்டியலில் ஒரு பெயர் குறையும், அவ்வளவுதான். யேசுரட்ணம் ஒன்றும் சொல்லமாட்டான். கொஞ்ச நாள் அவளைப் பார்க்காமல் சாப்பிடுவான். தன் மௌனத்தில் தொடங்கியதைத் தன் கையெழுத்தில் முடிக்காமல் விடுவது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமாக இருந்தது. அது யாருக்கும் பிரயோசனமில்லாதது. அவளுக்குமே என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை.

கணேசமூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினான்.

"நான் போடலைங்க சார்."

"பெற்றீசியா." அவன் குரல் இறங்கியது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "யோசிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழமை பட்டியல் போயிரும். அதுக்குப் பெறகு என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

"யோசிச்சிட்டேங்க."

கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை வாங்கி, மூடியைப் போட்டு, கடிதம் பறந்துவிடாமல் அதன் மேலே வைத்தாள். பிறகு எழுந்து போய் மணியடித்தாள். பிள்ளைகள் நனைந்த கால்களோடு உள்ளே வந்து உட்காரும்வரை அங்கேயே நின்றாள்.